ரொட்டி தட்டுற சத்தம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபையின் உதவிக் கமிட்டியில் நானும் ஒருத்தி. போன கிறிஸ்மசுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தோம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று, பொதி வாங்கியவர்களை பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தனியாக இருக்கிற ஒரு அம்மா, இந்து, பொதியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கண்டாலும் என்னோடு பேசுவதில்லை. "ஆராதனைக்கு வராதவங்களுக்கு ஏன் கொடுக்கணும்?" என்று கமிட்டியில் சிலர் கேட்கிறார்கள். "வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாதுன்னு பைபிள்லயே இருக்கு. குடிகாரன் வீட்டுக்குக் கொடுத்தா கசிப்புச் சாராயத்துக்குத்தான் போகும்" என்கிறார் செயலாளர். நான் கமிட்டியை விட்டு விலகி, முடிந்ததைத் தனியாகக் கொடுக்கலாமா? அந்த அம்மாவின் பொதி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. (பெயர் போட வேண்டாம்.)

பதில்: தங்கச்சி, விலகாதீர்கள். நீங்களும் போய்விட்டால் அந்தக் கமிட்டியில் வெட்கப்பட ஒரு ஆள் இருக்காது.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். 1974இல் எனக்கு எட்டு வயது. பிரதமர் சிறிமா காலத்துப் பஞ்சம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களே, அதுதான். அரிசியும் மாவும் ரேஷனுக்கு, அதுவும் காணாது. தோட்டங்களில் பசியிலேயே செத்துப் போனவர்கள் உண்டு. எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருந்த சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்தியானால் எந்த வீட்டில் ரொட்டி தட்டுகிறார்கள், எந்த வீட்டில் தட்டவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் மா இல்லை. அம்மா பலகையை எடுத்து வைத்து வெறுங்கையால் தட்டினார். சத்தம் அச்சாக அப்படியே வந்தது; எனக்கே மா வந்துவிட்டதோ என்று இருந்தது. பக்கத்துக் காம்பராப் பாட்டி ஏமாறவில்லை. சத்தம் வந்தது, கல்லில் மா வேகிற வாசம் வரவில்லையே. கொஞ்ச நேரத்தில் இஸ்தோப்பில் சட்டியோடு வந்து நின்றார். "மரவள்ளி அவிச்சேன், உப்பு கூடிப்போச்சோ என்னமோ. எனக்கு நாக்கு செத்துப் போச்சு, புள்ளைகளக் கொஞ்சம் பாத்துச் சொல்லச் சொல்லு." உப்பு சரியாகத்தான் இருந்தது. சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அம்மா, "கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

பாட்டி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நாங்கள் வேதக்காரர்கள். "காமன் கூத்துக்கு வருவியா, வந்தாத்தான் கிழங்கு" என்று பாட்டி கேட்கவில்லை. ஆராதனைக்கு வராதவர்களைப் பற்றிய கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேண்டுமானால் ஒன்று சேர்க்கலாம். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பதுதான் நம்மீது பெரிதாகச் சொல்லப்பட்ட குற்றம். அப்போது அதை எதிர்த்து ஜெபக்கூட்டம் வைத்தோம். ஆராதனை வருகைப் பதிவைப் பார்த்துப் பருப்பு கொடுத்தால் அந்தக் குற்றத்தை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

செயலாளர் சொன்ன வசனம் 2 தெசலோனிக்கேயர் 3:10. "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது." மனதில்லாதிருந்தால் என்று இருக்கிறது. வேலை கிடைக்காதிருந்தால் என்றோ, முழங்கால் போய்விட்டால் என்றோ இல்லை. மூன்று வசனம் தள்ளி அதே பவுல், நன்மைசெய்வதிலே சோர்ந்துபோகாமலிருங்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதைச் செயலாளர் வாசித்தாரா தெரியாது. நம் ஆட்களுக்கு வேலை செய்ய மனதில்லை என்று யார் சொல்ல முடியும்? நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது, 2024இல் 1,350 என்று வந்தது. ஆனால் விடியப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போய், மழையில் அட்டைக்கடியோடு மலையேறி, சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தானே விழுகிறது. முழுப்பேருக்கு நின்று அரைப்பேர் வாங்கியவளிடம் போய் இந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பைபிளில்தான் ஆதாரம் வேண்டும் என்றால் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் வாசியுங்கள். எருசலேம் சபையில் அன்றாடம் சாப்பாடு பகிர்ந்தபோது கிரேக்கு பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு வந்தது. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்குப் பெயர்! யார் விடுபட்டுப் போனார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது. உங்கள் கமிட்டியில் லயத்தில் இருக்கிறவர்கள் எத்தனை பேர், ஸ்டாப் குவார்ட்டர்சில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் பட்டியல் தானாகத் திருந்தும். யார் வீட்டில் ரொட்டி தட்டவில்லை என்று அவர்களுக்குத்தானே கேட்கும்.

இன்னொன்று, கிறிஸ்மஸ். டிசம்பரில் சபை கொடுக்கும், சங்கம் கொடுக்கும், கொழும்பிலிருந்து ஒரு வேன் வரும். டித்வா புயலில் மலை சரிந்தபோது லொறி லொறியாக வந்ததையும் பார்த்தோம். தை, மாசியில் வெயில் காய்ந்து கொழுந்து குறைந்து, வேலை நாள் குறையும்போது ஒரு வேனும் வராது. மாதத்திலும் அப்படித்தான். பத்தாம் திகதி சம்பளம் என்றால் முந்தின ஒரு வாரம்தான் கஷ்டம். நூறு பொதியை ஒரே நாளில் கொடுப்பதை விட, பத்துப் பத்தாக அந்த நாட்களில் கொடுங்கள். படம் அவ்வளவு எடுப்பாக இருக்காது, அதுவும் நல்லதுக்குத்தான்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. காசு அனுப்பியவர்கள் கணக்குக் கேட்பதில் பிழையில்லை. கடைப் பில், எத்தனை குடும்பம், எத்தனை கிலோ, அடுக்கி வைத்த மூட்டைகளின் படம், இவை போதும். முகம் வேண்டாம். முகம் இல்லாமல் காசு அனுப்ப மாட்டோம் என்று யாராவது சொன்னால், அந்தக் காசு இல்லாமல் சமாளிக்கலாம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னார். நாம் வலதுகையால் கொடுத்து இடதுகையால் போனைப் பிடிக்கிறோம்.

குடிகாரர் வீடு. இது நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. பொதியிலுள்ள பால்மா பக்கெட் கசிப்புக்காரனிடம் போனதை நானே கண்டிருக்கிறேன். அதற்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட முடியாது. மூட்டையாகக் கொடுக்காமல் சமைத்ததைக் கொடுக்கலாம். அவித்த கடலையை யாரும் விற்க மாட்டார்கள். இல்லையா, கடன் எழுதுகிற கடைக் கொப்பி இருக்கிறது. அந்த வீட்டுக் கணக்கில் மாவும் பருப்பும் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு, அதில் கொஞ்சத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். கடைக்காரர் வாயடக்கமான ஆளாக இருக்கணும், அது முக்கியம். சிலர் மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

தனியாகக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுங்கள், யாரிடம் அனுமதி வேண்டும்? ஆனால் உங்கள் சம்பளத்தில் எத்தனை நாளைக்கு? 2022இல் சாப்பாட்டுச் சாமான் விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, கொடுத்துக்கொண்டிருந்தவர்களே கடைக் கொப்பியில் ஏறினார்கள். அதனால்தான் பழைய பிடியரிசியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன். சமைக்கிறபோது ஒரு பிடியை ஒதுக்கி டின்னில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிற வழக்கம். நமக்குப் பிடி மா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு பிடியை யாராலும் கொடுக்க முடியும். போன மாதம் வாங்கியவர் இந்த மாதம் போடுவார். கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று பட்டியல் எழுத முடியாமல் போய்விடும். டின்னை ஆலயத்துக்குள் வைக்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராப் பக்கமாக வைத்தால் எல்லோரும் போடுவார்கள், எல்லோரும் எடுப்பார்கள். கமிட்டியில் இதை நீங்கள் சொல்லாதீர்கள், வயதான ஒருவரைக் கொண்டு சொல்ல வையுங்கள். நம் கமிட்டிகளை எனக்குத் தெரியும்.

இனி அந்த அம்மா. பொதியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், தயவுசெய்து. அதைப் பிரித்து வேறு யாருக்காவது சேர்த்துவிடுங்கள். மன்னிப்பும் இப்போது கேட்க வேண்டாம். கேட்டால் அவர் "பரவாயில்லை" என்று சொல்லியாக வேண்டியிருக்கும், அது அவருக்கு இன்னொரு சுமை. லயத்துப் பின்னால் அவர் ஒரு பாத்தி வைத்திருப்பார். தனியாக இருக்கிற அம்மாமார் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பார்கள். வெறுங்கையோடு போய், சம்பலுக்கு இரண்டு லீக்ஸ் தாள் வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாள் தராமலும் இருக்கலாம். அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள். தந்தால் சுளகில் வைத்துத்தான் தருவார். சுளகை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் லயங்களில் எப்போது இருந்தது?