தங்கம்-சிலிக்கான் டையோடில் ஐடியாலிட்டி 1.9 ஏன்?

வணக்கம் தம்பி. டர்பன் ஆய்வகத்தில் என்-வகை சிலிக்கான் மேல் தங்கம் படியவைத்த ஷாட்கி டையோடில் (உலோகமும் குறைக்கடத்தியும் சேரும் டையோடு) ஐடியாலிட்டி எண் (இலட்சிய டையோடுக்கு இது 1) 1.9 வருகிறது, எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய தடுப்பு உயரம் ஐ-வி (மின்னோட்டம்-மின்னழுத்தம்) அளவீட்டில் 0.68, சி-வி (மின்தேக்குதிறன்-மின்னழுத்தம்) அளவீட்டில் 0.85 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் தங்கமும் சிலிக்கானும் சந்திக்கும் இடைமுகத்தின் மேல்தான். எச்எஃப்-இல் (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) கழுவிய வேஃபரை (சிலிக்கான் தகட்டை) மறுநாள்தான் வெற்றிட அறைக்குள் வைத்தீர்களாமே! அந்தக் கடலோர ஈரக்காற்றில் ஓர் இரவு போதும், மெல்லிய ஆக்சைடு மறுபடி வளரத் தொடங்கிவிடும். நீங்கள் கொடுக்கும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். எண் 1-ஐ விட்டு ஏறும். தடுப்பு உயரம் இடத்துக்கு இடம் மாறினாலும் ஐ-விக்கும் சி-விக்கும் இந்த வித்தியாசம் வரும்: மின்னோட்டம் தாழ்வான இடங்களைத் தேடிப் பாயும், சி-வி சராசரியைக் காட்டும்.

ஆனால் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். அறை வெப்பத்தில் 0.08 வோல்ட்டுக்கு மேல், தொடர்மின்தடையால் கோடு வளையும் முன் உள்ள பகுதியில் மட்டும் ஐ-வி கோட்டைப் பொருத்துங்கள். அப்புறம் வெவ்வேறு விட்டமுள்ள டையோடுகளை அளந்து பாருங்கள். மின்னோட்டம் பரப்போடு கூடாமல் சுற்றளவோடு கூடினால் அது விளிம்புக் கசிவு.

அடுத்த முறை எச்எஃப் முடிந்த சில நிமிடங்களில் வேஃபர் உள்ளே போகட்டும். தயவுசெய்து, எச்எஃப் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் அந்த அமிலப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். அதன் பிறகும் எண் இறங்காவிட்டால் டிஎல்டிஎஸ் (குறைக்கடத்தியிலுள்ள ஆழ்நிலைக் குறைபாடுகளைக் கண்டறியும்) அளவீடுதான் வழி. பிரிட்டோரியா பல்கலைக்கழக இயற்பியல் துறையில் அந்த அனுபவம் நிறைய உண்டு. உங்கள் வழிகாட்டி மூலம் கேளுங்கள்.