விஎஸ் கோடில் 40 எக்ஸ்டென்ஷன்: எதை வைப்பது, எதை எடுப்பது?

விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டரில் 40 எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) இருக்கிறது, அதில் தீம் மட்டும் ஆறு, திறக்க நேரமாகிறது, சேவ் செய்தால் ஒற்றை மேற்கோள் இரட்டையாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை.

மேற்கோள் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈஎஸ்லின்ட்டும் (ஜாவாஸ்கிரிப்ட் கோடில் பிழை தேடுவது) பிரிட்டியரும் (கோடின் வடிவத்தைச் சீராக்குவது) ஒரே சேவில் மோதுவதுதான். ஒன்று திருத்துவதை இன்னொன்று திரும்ப மாற்றும். ஸ்டைலைப் பிரிட்டியரிடம் மட்டும் விடுங்கள். அதன் இயல்பு இரட்டை மேற்கோள்; ஒற்றை வேண்டுமென்றால் பிரிட்டியர் அமைப்பில் singleQuote-ஐ true ஆக்குங்கள். ஈஎஸ்லின்ட்டின் ஸ்டைல் விதிகளை அணைக்கும் ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரிட்டியர் பேக்கேஜை நிறுவி, ஈஎஸ்லின்ட் கான்ஃபிக் ஃபைலில் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் போட்டால் பின்னால் வருவது அந்த விதிகளை மறுபடி உயிர்ப்பித்துவிடும்.

வேகத்துக்கு: கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தி, 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' பாருங்கள். ஒவ்வொன்றும் கிளம்ப எத்தனை மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று தெரியும். வேறு ஏதாவது கோளாறு இருந்து, குற்றவாளி யாரென்று பிடிபடாவிட்டால் அங்கேயே 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' கொடுங்கள். அது எக்ஸ்டென்ஷன்களைப் பாதிப் பாதியாக அணைத்து, கோளாறு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். 40 இருந்தாலும் ஆறேழு சுற்றில் முடியும்.

எதையும் உடனே அழிக்க வேண்டாம். இப்போதைய ப்ரொஃபைலை (எக்ஸ்டென்ஷன்களும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு) எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, காலியாகப் புதிய ப்ரொஃபைல் தொடங்குங்கள். பைத்தானுக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று. தேவைப்பட்டுக் கை தேடும்போது மட்டும் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்கு நிறம் பூசும் எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம், 2021 முதல் அது எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. தீம் ஆறு எதற்கு என்றுதான் புரியவில்லை!

பழைய ப்ரொஃபைலையே தொடர்ந்தால் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் செட்டிங்ஸ் ஜேசன் (settings.json) ஃபைலையும் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போனாலும் அதன் வரிகள் அங்கேயே கிடக்கும். மங்கலாகத் தெரிபவற்றை நீக்கிவிடலாம்.