நீங்கள் போனதிலேயே ஆள் மிகக் குறைந்த உள்ளாட்சி எது? அங்கே எப்படி வாழ்கிறார்கள்?

நேபாளத்தின் மனாங் மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் நார்பா பூமி. அதை 'காவ்பாலிகா' என்கிறார்கள், ஊராட்சி மாதிரி, ஆனால் அதிகாரம் கொஞ்சம் கூடுதல். பரப்பு 837 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் 538 பேர். மொத்த ஜனத்தையும் நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் இரண்டு பந்தியில் சாப்பிட வைத்துவிடலாம்.

கோட்டோ வரை ஜீப். அங்கே பெர்மிட்டைக் காட்டிவிட்டு ஆற்றோரமாக நடக்க வேண்டியதுதான். முதல் நாளே 2,600 மீட்டரிலிருந்து மேட்டாவுக்கு 3,500 மீட்டருக்கு மேல் ஏற்றினார் எங்கள் வழிகாட்டி. (நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்று கூப்பிட வேண்டும், எனக்கு வாயே வரவில்லை.) ராத்திரி முழுக்கத் தலைவலி, பூண்டு சூப் குடித்துச் சமாளித்தேன். வழியில் க்யாங் என்று ஒரு காலி ஊர் வரும். சீனாவை எதிர்த்துச் சண்டை போட்ட திபெத்தியக் கம்பாக்கள் 1970கள் வரை அங்கே தங்கியிருந்தார்களாம்.

சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூட இல்லையே, வீட்டுக்கு வீடு ஒரு மைல் நடக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் நேர்மாறாக இருக்கிறது. பூ என்ற ஊரில் வீடுகள் குன்றின்மேல் கோட்டை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு மேலே அடுத்த வீட்டு வாசல். 4,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நார் ஊரும் நெருக்கமானதுதான். பார்லியும் உருளைக்கிழங்கும் விளைகிற துண்டு நிலத்தில் வீடு கட்டினால் சாப்பிடுவது எதை?

நிர்வாகக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2017 மறுசீரமைப்பில் இதை ஐந்து வார்டுகளாகப் பிரித்தார்கள். வார்டுக்கு ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதற்குமேல் பாலிகாவுக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர். ஆக 27 பதவிகள், இருபது பேருக்கு ஒரு மக்கள் பிரதிநிதி! சிரித்தேன், ஆனால் ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் பனியில் நடக்கிற ஊரில் ஆபீஸ் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

அங்கே ஆளில்லாத நிலம் என்று எதுவும் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கொடுமையான கதையில். கோடை தொடங்கும்போது மேய்ச்சல் சரிவுகளில் யார்சாகும்பா கிடைக்கும், புழுவின் உடலில் முளைக்கிற பூஞ்சை, சீன மருந்துச் சந்தையில் தங்கத்தோடு போட்டி போடுகிற விலை. 2009இல் அதைப் பறிக்க கோர்க்கா மாவட்டத்திலிருந்து வந்த ஏழு பேரை நார் ஊர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள். வழக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள்மேல். 2011இல் 19 பேருக்குத் தண்டனை, அதில் ஆறு பேருக்கு ஆயுள். சில நூறு பேர் உள்ள ஊரில் இது எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்று பாருங்கள். செத்தவர்களும் பிழைப்புக்கு வந்த ஏழைகள்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு 'மனிதன் கைபடாத சொர்க்கம்' என்று பயணக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

நாரில் நாங்கள் தங்கிய வீட்டு அக்காவிடம், பனிக்காலத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டேன். நிறையப் பேர் கீழே இறங்கிவிடுவார்களாம், காத்மாண்டுவுக்கும் போவார்களாம். எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. யாக்குக்கு யார் தீவனம் போடுவது, கோம்பாவில், அதாவது புத்த மடத்தில், விளக்கு ஏற்றுவது யார் என்று வீடு வீடாகப் பெயர் சொல்லி விரல் மடக்க ஆரம்பித்தார். இரண்டாவது கை நிறையவில்லை.