ஒற்றை வரி ஸ்பாம் பதில்களை எப்படிக் கட்டுப்படுத்துவது?

“அருமையான தகவல், பகிர்ந்தமைக்கு நன்றி” என்ற வரியும் அதன் அடியில் தொடர்பற்ற ஓர் இணைப்பும் கொண்ட பதில்கள் கலந்துரையாடல்களில் குவிவதை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றை இடுபவர் உங்களை வாசகராகவே கருதுவதில்லை. இணைப்பு தேடுபொறியின் கண்ணில் பட்டுத் தன் தளத்தின் தரவரிசை உயர வேண்டும் என்பதே பெரும்பாலும் அவருடைய நோக்கம். இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறியீட்டை 2005-இல் கூகுள் முன்வைத்தது அந்த ஆதாயத்தை அறுக்கவே. ஆனால் ஒரே வரியை எல்லா இடங்களிலும் கொட்டும் நிரல், எங்கே பயனுண்டு என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதால், அது மட்டும் போதாது.

புதிய கணக்குகளின் முதல் சில பதிவுகளில் இணைப்பு இருந்தால், மட்டுறுத்துநர் பார்த்த பின்பே அவை வெளியாகுமாறு அமைப்பதுதான் மிகுந்த பலன் தரும். படிவத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைப்பதும் நல்ல உத்தி; தானியங்கி நிரல் அதையும் நிரப்பிவிட்டு மாட்டிக்கொள்ளும். மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரான கேப்சாவை நான் கடைசியாகவே பரிந்துரைப்பேன்: கூலிக்கு ஆள் வைத்து அதைத் தீர்ப்பவர்களை அது தடுப்பதில்லை, பார்வைக் குறைபாடுள்ளவர்களையோ வெகுவாக வதைக்கிறது.

வந்துவிட்ட ஸ்பாமுக்குப் பதிலெழுதித் திட்டுவது வீண். பல தளங்களில் அதுவே அந்த இழையை மீண்டும் மேலே தள்ளிவிடும். புகார் பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். இணைப்பே இல்லாமல் வெறுமனே “நன்றி” என்று எழுதுபவரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் எழுதத் தயங்கும் புதியவராக இருக்கலாம். ஆயினும், சில கணக்குகள் நாள் கழித்துப் பழைய பதிவைத் திருத்தி இணைப்பைச் செருகுவதுண்டு என்பதால், திருத்தங்களையும் அதே வடிகட்டி வழியாக அனுப்புங்கள்.