நேட்டாலுக்குப் போன முனுசாமியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் தாத்தாவின் தந்தை முனுசாமி, குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். அப்போது என் தாத்தா எல்லப்பன் கைக்குழந்தையாம். இரண்டு முறை பணம் வந்ததாகவும் பிறகு ஒரு தகவலும் இல்லை என்றும் பாட்டி சொல்வார். வீட்டின் மூத்த பிள்ளையான தாத்தா 1978இல் ஏறக்குறைய எண்பது வயதில் காலமானார். இணையத்தில் உள்ள கப்பல் பட்டியலில் தேடினால் முனுசாமிகள் கணக்கில்லாமல் வருகிறார்கள். எங்கள் முனுசாமி யார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகி, வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. ஆனால் அந்த வழி நேட்டாலின் துறைமுகமான டர்பனில் தொடங்கவில்லை; உங்கள் கிராமத்தில் தொடங்குகிறது. சென்னையிலிருந்து சென்ற ‘டிரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். அத்தனை பேரில் முனுசாமி, கோவிந்தசாமி, பெருமாள், ஆறுமுகம் என்ற பெயர்களுக்குக் குறைவே இல்லை. எனவே உங்கள் கொள்ளுத்தாத்தாவை மற்ற முனுசாமிகளிடமிருந்து பிரித்துக் காட்டும் செய்திகளை முதலில் இங்கே திரட்டிக்கொண்டு, அதன் பிறகே பட்டியலைத் திறக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளங்கள் ஆகியவற்றை எழுதியிருக்கிறார்கள். யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பல பதிவுகளில் இருக்கிறது. இவற்றுள் உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது தந்தை பெயர்தான். கடிதத்தில் அந்தப் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும், உங்களை அறியாமலே அதற்கான தடயத்தைத் தந்திருக்கிறீர்கள். மூத்த ஆண் பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது நம் குடும்பங்களில் நீண்ட நாள் வழக்கம். மூத்த பிள்ளையான உங்கள் தாத்தாவுக்கு எல்லப்பன் என்று பெயரிட்டிருப்பதால், முனுசாமியின் தந்தையும் எல்லப்பனாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஓர் ஊகம் மட்டுமே என்பதால், இதை உறுதி செய்யும் ஆவணம் ஒன்று வேண்டும்.

அந்த ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு காணி நிலமோ வீட்டு மனையோ இருந்து, அதை விற்றோ அடமானம் வைத்தோ பாகம் பிரித்தோ இருந்தால், பழைய பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தந்தை பெயரும் ஊரும் சாதியும் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். முனுசாமியின் உடன்பிறந்தவர்கள் எழுதிக் கொடுத்த பத்திரம் கிடைத்தாலும் போதும். அண்ணன் தம்பிகளுக்குத் தந்தை ஒருவரே. நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால், பங்காளி வீடுகளிலும், முனுசாமியின் சகோதரிகள் வாழ்க்கைப்பட்ட ஊர்களிலும் விசாரியுங்கள். பிறந்த வீட்டை விட்டுப் போன பெண்களின் வழியில் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குலதெய்வம் போன்றவை ஆண் வழியைக் காட்டிலும் தெளிவாக நினைவில் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விசாரிக்கும்போது, அவருக்கு முகத்திலோ கையிலோ தழும்போ மச்சமோ பச்சை குத்தலோ இருந்ததாக யாராவது சொல்லக் கேட்டதுண்டா என்றும் தவறாமல் கேளுங்கள்.

அவருடன் ஊரிலிருந்து வேறு யார் போனார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆள் சேர்ப்பவர்கள் ஓர் ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ சிலரைச் சேர்த்துச் சென்னைக்கு அழைத்துச் செல்வது உண்டு. அப்படிப் போனவர்கள் பட்டியலில் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். முனுசாமி பெயர் சிதைந்து எழுதப்பட்டிருந்தாலும், உடன் போனவருடைய பெயர் அரிதான பெயராக இருந்தால், அவரைப் பிடித்து அவருக்கு மேலும் கீழும் உள்ள வரிகளைப் பார்த்து உங்களவரை அடையாளம் காணலாம்.

பெயர்களின் எழுத்துமுறைக்கு வருகிறேன். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி என்பது மூன்சாமி, மூனுசாமி, முனிசாமி என்றெல்லாம் உச்சரிக்கும்படி எழுதப்பட்டிருக்கலாம். எல்லப்பன் என்ற பெயருக்கு முன்னால் யகரம் சேர்த்து ‘யெல்லப்பன்’ என்று எழுதியிருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே முழுப் பெயரைக் கொடுத்துத் தேடாமல், பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்து, ஜில்லாவை வட ஆற்காடு என்று குறுக்கித் தேடுங்கள். குடியாத்தம் அப்போது வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா. பலமநேர், சித்தூர் தாலுகாக்களும் 1911 வரை அதே ஜில்லாவில்தான் இருந்தன. அவை இன்று ஆந்திரத்தில் இருப்பதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பகுதி எல்லையோரம் என்பதால், மாமியார் ஊரையோ பிழைக்கப் போன ஊரையோ அவர் தம் ஊராகச் சொல்லியிருக்கக்கூடும்.

காலத்தையும் குறுக்கிக்கொள்ளலாம். தாத்தா 1978இல் எண்பதை ஒட்டிய வயதில் இறந்தார் என்றால் 1898ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். அந்தக் காலத்து வயதுக் கணக்கு ஐந்தாண்டு முன்பின் இருக்கும் என்பதால் 1893 முதல் 1905 வரை வந்த கப்பல்களைப் பாருங்கள். பட்டியலில் உள்ள வயதும் மதிப்பீடுதான்; ஆகவே வயது பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தள்ளிவிடவும் வேண்டாம், பொருந்துகிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். தந்தை பெயர், கிராமம், உடன் போனவர், உடல் அடையாளம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் ஒத்துப்போகும் வரை யாரையும் உங்கள் கொள்ளுத்தாத்தா என்று எழுதி வைக்காதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், தவறான ஒருவரைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிட்டால், அந்த வேறொரு குடும்பத்தாரின் முன்னோரையும் சேர்த்தே நாம் குழப்பிவிடுகிறோம் என்பதுதான்.

எவ்வளவு தேடியும் அகப்படாவிட்டால், அவர் போன இடம் நேட்டால்தானா என்று ஒருமுறை ஐயப்படுவது நல்லது. கரும்புத் தோட்டங்கள் மொரிசியஸிலும் பிஜியிலும் இருந்தன. சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் போகத் தொடங்கியது 1903இல்தான். மொரிசியஸ் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே இறங்கிய பலருடைய புகைப்படங்களும் அவற்றுள் உண்டு.

சரியான ஆளைக் கண்டுபிடித்த பிறகு, அவருடைய வரிசை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அந்த எண் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அங்கே நடந்த திருமணப் பதிவிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும், இறப்பு ஆவணங்களிலும் அதைக் காணலாம். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்து, எண்ணைக் கொண்டும் பெயரைக் கொண்டும் தேடுங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் (அவர்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி) அலுவலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. புகார்கள், விண்ணப்பங்கள் ஆகியவற்றோடு, ஊரிலிருந்து உறவினர்கள் விசாரித்து அனுப்பிய மனுக்களும் அவற்றில் உள்ளன. பணம் நின்றுபோன பிறகு உங்கள் கொள்ளுப்பாட்டியும் அப்படி ஒரு மனு அனுப்பியிருக்கலாம் என்பதால், அவருடைய பெயரிலும் தேடிப் பாருங்கள்.

பணம் நின்றதற்கு மரணம் மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கி வேறு குடும்பம் அமைத்துக்கொண்டவர்கள் பலர். 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுபடி ஒப்பந்தத்துக்கு உட்படாமலும் ஊர் திரும்பாமலும் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதிக்கப்பட்டது; கூலிக்காரர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். அந்தச் சுமையில் ஊருக்குப் பணம் அனுப்ப இயலாமல் போனவர்களை நாம் கடிந்துகொள்ள முடியாது.

அங்கே அவருக்குச் சந்ததி இருந்தால், தகப்பன் பெயரே குடும்பப் பெயராக மாறி, இன்று அவர்கள் ‘மூன்சாமி’ என்று வழங்கப்படலாம். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலியார் ‘மூட்லி’ ஆனதும் போலச் சாதிப் பெயர் திரிந்தும் நின்றிருக்கலாம். அவர்களைக் கண்டுகொண்டால், முதல் கடிதத்திலேயே இங்கிருந்த மனைவியைப் பற்றியும் கைக்குழந்தையைப் பற்றியும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் அந்தச் செய்தி இதுவரை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஊர்ப் பெயரையும் முனுசாமியின் தந்தை பெயரையும் மட்டும் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள்.