தம்பி விட்டுவிட்டான், என்னால் முடியவில்லையே!

கேள்வி: எனக்கு 38 வயது. தாத்தா, அப்பா இருவருக்கும் பீடிப் பழக்கம். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். என்னோடு சேர்ந்து பிடிக்க ஆரம்பித்த தம்பி ஒரே நாளில் விட்டுவிட்டு, "மனசு இருந்தா முடியும்ண்ணே" என்கிறான். இது பரம்பரையா? என் 13 வயது மகனுக்கும் வந்துவிடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பியின் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள்.

நிகோட்டினுக்கு ஒருவர் எவ்வளவு அடிமையாகிறார் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்கள் காரணம் என்று இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. இதில் ஈரலுக்குப் பெரிய பங்கு உண்டு. சிஒய்பி2ஏ6 என்ற நொதி அங்கேதான் நிகோட்டினை உடைக்கிறது. சிலருக்கு அது மளமளவென்று வேலை செய்யும். ரத்தத்தில் நிகோட்டின் சீக்கிரம் இறங்கிவிடுவதால் கை மறுபடி சட்டைப்பைக்குப் போகும். மெதுவாக உடைப்பவர்கள் பொதுவாகக் குறைவாகவே பிடிக்கிறார்கள், விடுவதும் அவர்களுக்குச் சற்று சுலபம். கூடப்பிறந்தவர்களுக்கு மரபணுக்கள் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். தம்பிக்கு வாய்த்த ஈரல் உங்களுக்கு வாய்க்காமல் போயிருக்கலாம். (இதை அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்!)

அதற்காகத் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 15-ஆவது குரோமோசோமில், புகைப்பழக்கத்தோடு மிக உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. அது ஒரு பிரதி இருந்தால் சராசரியாகக் கூடுவது நாளுக்கு ஒரு சிகரெட், அவ்வளவுதான்.

மரபணுப் பரிசோதனைக்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டாம். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று பாருங்கள். பல் தேய்க்கும் முன்பே, ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது. வெறும் மனஉறுதியை நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை எல்லாம் இருக்கின்றன. நிகோட்டினை வேகமாக உடைப்பவர்களுக்குப் பட்டையைவிட வரெனிக்ளின் கூடுதலாகக் கைகொடுத்ததாக ஓர் ஆய்வு காட்டியது. பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 கட்டணமில்லா எண், கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும்.

அப்புறம் மகன். நிகோட்டின் உடம்புக்குள் போனால்தானே இந்த மரபணுக்களுக்கு வேலை! வீட்டுக்குள் பிடிக்காதீர்கள். பெட்டிக்கடைக்கு அவனை அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்லும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதே சட்டப்படி குற்றம்.