வாசகர் கேள்வி பதில்: ஆப்கன் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தும் தொழிலும்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கத் தடை உள்ள நாட்டில் எழுத்தறிவு வகுப்பு நடத்தவே முடியுமா?
– வாசகி, திருச்சி

முடிகிறது, சத்தமில்லாமல். 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி திரும்பியபின் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும், 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சியும் அதே வழியில் போயின. மிஞ்சியவற்றில் முக்கியமானவை வீட்டு வகுப்புகளும் வானொலியும். 2021 மார்ச் 8 அன்று காபூலில் தொடங்கிய பேகம் வானொலி பாடங்களை ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டும் அனுமதி பெற்றது. தாலிபானின் முதல் ஆட்சியிலேயே, நாட்டின் மேற்கே உள்ள ஹெராத் நகரப் பெண்கள் 'தங்க ஊசி' என்ற தையல் வகுப்பின் பெயரில் கூடி இலக்கியம் படித்திருக்கிறார்கள்.

கேள்வி: முப்பது, நாற்பது வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

எண்களிலிருந்து. ஆப்கனில் பேசும் பாரசீகமான தாரி மொழியின் 32 எழுத்துகளையும் முடித்த பிறகுதான் சொல் என்று வைத்தால் பலர் பாதியில் நின்றுவிடுவார்கள். எண் கற்ற வாரமே பயன்படும்.

ஆனால் அங்கே எண்ணுக்கு இரண்டு வடிவம். புத்தகத்தில் இருப்பது பாரசீக வடிவம். மாத்திரை அட்டையிலும் டிஜிட்டல் தராசிலும் நமக்குப் பழகிய 0 முதல் 9. இரண்டையும் அருகருகே எழுதிப் பழக்க வேண்டும். ஆண்டுக் கணக்கும் வேறு. மக்கள் புழங்கும் சூரிய ஹிஜ்ரி ஆண்டு 1404, 2025 மார்ச்சில் பிறந்தது. அட்டையில் 2026 என்று வாசிக்கத் தெரிந்தாலும் மருந்து காலாவதியா என்று புரியாது. தங்கள் ஆண்டோடு 621ஐக் கூட்டவும், ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிவரை 622ஐக் கூட்டவும் கற்றுக்கொடுங்கள்.

அடுத்து எழுத்து. சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து எழுத்தின் உருவம் மாறும். ரொட்டியைக் குறிக்கும் 'நான்' என்ற சொல்லின் முதலிலும் கடைசியிலும் இருப்பது ஒரே 'நூன்'. முதலில் அது சிறு பல்லும் மேலே ஒரு புள்ளியும். கடைசியில் வயிறு திறந்த கிண்ணமும் புள்ளியும். தனி எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் தினம் வாயில் வரும் சொல்லை முழுதாகக் காட்டிப் பிறகு பிரியுங்கள். குறில் உயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை என்பதால், காதில் கேட்டுத் தெரிந்த சொற்களையே முதலில் தர வேண்டும். பஷ்டூன் ஊரில் பஷ்டோ, வடக்கே உஸ்பெக் ஊரில் உஸ்பெக் என்று அவரவர் வீட்டு மொழியில் தொடங்குவது கட்டாயம்.

ஒரு வகுப்புக்கு 15 முதல் 20 பேர், பக்கத்து வீடுகளிலிருந்து. ஆசிரியை அதே ஊர்க்காரராக இருக்கட்டும். வெளியூர்க்காரர் என்றால் பயணத்துக்கு ஆண் துணை தேட வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணி நேரம் போதும். ஊர்ப் பெரியவர்களிடமும் முல்லாவிடமும் முன்பே பேசிவிடுங்கள். குளிர்கால விறகுச் செலவைத் திட்டத்தில் எழுத மறந்தால் டிசம்பரில் வகுப்பு நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு பத்துத் தையல் மெஷின் வாங்கித் தர நினைக்கிறது. சரிதானா?
– வாசகி, ஈரோடு

மெஷினை மட்டும் தந்தால் சில மாதத்தில் அது மூலையில் கிடக்கும், அல்லது கடன் அடைக்க விற்றிருப்பார்கள். மின்சாரம் நம்ப முடியாத ஊர்களுக்கு மிதி மெஷின் அல்லது கை மெஷின்தான் ஏற்றது. ஒவ்வொன்றோடும் 14, 16ஆம் எண் ஊசிகள், பத்து பாபின், ஒரு உபரி பாபின் கேஸ், மிதிக்கு ஒரு பெல்ட், எண்ணெய், ஸ்க்ரூ டிரைவர், கத்திரி, இஞ்ச் டேப் போக வேண்டும். துணியின் அடியில் நூல் சிக்கினால் எல்லாரும் கீழ் நூலைக் குடைவார்கள். பெரும்பாலும் காரணம் மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராததுதான். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். ஊரில் ஒருவருக்காவது இந்தப் பழுதுபார்ப்பு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண் தையற்காரர் பெண்ணுக்கு அளவெடுக்க முடியாத சமூகம் என்பதால் பெண் தையற்காரருக்கு வேலை உண்டு. ஒரே சிற்றூரில் பத்துப் பேர் என்றால் கிடையாது. அகமதாபாத்தின் சேவா அமைப்பு 2008 முதல் காபூலின் பெண்கள் பூங்காவான பாக்-இ-ஜனானாவில் கைம்பெண்களுக்குத் தையலோடு நாற்றுப்பண்ணையும் உணவு பதப்படுத்தலும் கற்றுத்தந்தது. விற்பனையும் அதில் ஒரு பாடம். ஹெராத் பக்கம் குங்குமப்பூ இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் விடியுமுன் பூப்பறித்து, அன்றே சிவப்பு இழைகளைப் பிரித்து உலர்த்த வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 1,50,000 பூக்கள். தாமதமானால் பூஞ்சணம் பிடிக்கும். சூடு மிஞ்சினால் நிறம் கருகும். கூலி எடைக்கணக்கில் தரும் இடங்களில், தராசைத் தானே படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். எழுத்தையும் தொழிலையும் தனித்தனி வகுப்பாக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தையல் கற்பவருக்கு அளவு நோட்டுதான் பாடநூல்: பெயர், மார்பளவு, நீளம், முன்பணம், பாக்கி.

கேள்வி: பணம் அனுப்புமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சென்னை

ஆசிரியைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை வந்ததால், ஊருக்குள் வகுப்பு எப்படி நடக்கிறது என்றும் கேளுங்கள். வகுப்புப் படம், மாணவியர் பெயர், ஊர்ப்பெயர் கேட்காதீர்கள், கிடைத்தாலும் பகிராதீர்கள். அது அவர்களுக்கு நேரடி ஆபத்து. வருகைக் கணக்கும் செலவுக் கணக்கும் போதும். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகத் தரும் நன்கொடைக்கு இங்கே வருமான வரிக் கழிவு கிடையாது. குழுவாகத் திரட்டி அனுப்புவதாக இருந்தால் முதலில் தணிக்கையாளரைப் பாருங்கள்.